இடம் தீர்ந்த வட்டும் பெரிய எழுத்துக் கதைகளும்

கணினியில் இடம் தீர்ந்துபோன ஒரு முற்பகலைப் பற்றி என் மனைவி யாரிடமும் பேசியதில்லை. அவர் பேசாத காரணத்தாலேயே நான் எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

தொண்ணூறுகளின் இறுதியில், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே கணினி. அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தந்தவர் ரவாங்கில் பணிபுரிந்த என் தங்கை மகன். நான் ஆலய விழா மலர் ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். மனைவியோ கிள்ளானில் வாழ்ந்த தம் தமக்கைக்காகக் கதைகள் புனைந்தார். தமக்கையாருக்குப் பார்வை மங்கிவந்தது. ஆயினும் பிறர் வாசிக்கக் கேட்பதில் அவருக்கு உவப்பில்லை. ஆகவே மனைவி ஒற்றை விரலால் தட்டச்சிட்டு, ஞாயிறுதோறும் சில பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தொடர்வண்டியில் கொண்டுசெல்வார். அச்சிடாத பகுதிகள் கணினியில் மட்டுமே இருந்தன.

அச்சகத்தார் வரவிருந்த நாளில், வன்வட்டில் இடமில்லையெனக் கணினி என் கோப்பைச் சேமிக்க மறுத்தது. தங்கை மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவசரத்தில் அவர் சொன்ன கட்டளை இது:

du -sh * | sort -rn | head

"நடுவுல நிக்கிற கோடுதான் பைப்பு, மாமா. எது எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு du அளந்து sort-கிட்ட தள்ளும். அது பெருசுலேருந்து அடுக்கி head-கிட்ட தள்ளும். head மேல உள்ள பத்த மட்டும் காட்டும். முதல்ல வர்றதுதான் இடத்த அடைக்குது லா."

முதலில் வந்தது மனைவியின் கதைக் கோப்புறை: 980K.

மனைவி அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அழிச்சிடுங்க. மலருக்கு நாளாயிருச்சு. அக்காவுக்கு நான் வாயாலயே சொல்லிக்கிறேன்."

அழிக்கும் கட்டளையின் இரண்டு எழுத்துகளைத் தட்டிவிட்டேன். மேற்கொண்டு விரல் செல்லவில்லை.

"ஆனா பழைய கம்ப்யூட்டர்லேருந்து கதை எல்லாத்தயும் ஒரே பிளாப்பிலதான கொண்டு வந்தோம்," என்றார் அவர், தமக்குள் பேசுவதுபோல. பூஞ்சை பிடித்த அந்த நெகிழ்வட்டை எப்போதோ எறிந்துவிட்டோம். எனினும் அதில் அடங்கியது இத்துணைப் பெரிய வட்டை எவ்வாறு நிரப்பும்?

மீண்டும் அழைத்தேன். மறுமுனையில் சிரிப்பு. "சாரி மாமா. h போட்டா மனுஷனுக்குப் படிக்க வசதி, sort-க்கு வசதியில்ல. அது நம்பரத்தான் பாக்கும். பின்னால K இருக்கா G இருக்கான்னு பாக்காது. h-க்குப் பதிலா k போடுங்க."

அவ்வாறே செய்ய, அனைத்தும் கிலோபைட் எனும் ஒரே அளவையில் வந்தன. பன்னிரண்டு லட்சம் கிலோபைட்டுக்கு மேல் இருந்தும், முன்பு 1.2G என்ற சிற்றெண்ணாகக் கடைசிக்குப் போய் மறைந்திருந்த கோப்புறை இப்போது தலையில் நின்றது. அச்சகத்தார் முன்பே படியெடுத்துச் சென்றிருந்த விழாப் படங்கள் அவை. அவற்றை நீக்கினேன், மலர் சேமிப்பில் ஏறியது.

அந்த ஞாயிறு நானும் கிள்ளான் சென்றேன். தமக்கையார் தாளை முகத்தருகே பிடித்து, ஒவ்வொரு சொல்லாய்த் தாமே உரக்க வாசித்தார். அடுத்த வரி என்னவென்று அறிந்த மனைவி, அறியாதவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டளைகளை நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். துறை வல்லார் இதில் பிழை காணின் சுட்டித் திருத்துமாறு பணிந்து வேண்டுகிறேன்.