சதுப்போரம் நின்ற தேயிலைச் செடி

தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து பக்கத்து வீட்டு சரசக்கா வெளியே வருவதே இல்லை. பறிகூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்று தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். மனசு கொஞ்சம் மாறட்டும் என்று இன்று ஊட்டிப் பக்கம் ஒரு சின்ன சோலைக்காட்டுக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனேன்.

உள்ளே ஒரு சதுப்பு. அதன் கறுப்பு மண் பனியுகத்திலிருந்து சேர்ந்துவருவதாகப் பலகையில் எழுதியிருந்தது.

"இத்தன காலமா யாரும் கை வெக்காம உட்டிருக்காங்க பாருங்கக்கா" என்றேன்.

"எங்க தோட்டத்துலயுந்தான் இப்ப யாரும் கை வெக்கறதில்ல" என்றார்.

சதுப்பின் வேலியோரம் தானாக முளைத்த ஒரு தேயிலைச் செடி நின்றது. பேசிக்கொண்டே அக்காவின் கை கொழுந்தைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டது.

முதுகில் கூடை இல்லை. கொழுந்து தரையில் விழுந்தது.

"ஏனுங்கம்மா, இங்க எதையும் பறிக்கக் கூடாதுங்க" என்றார் காப்பகத்துக் காவலர்.

"நான் பறிக்கலீங்க. கைதான் பறிச்சிருச்சு."

அக்கா குனிந்து, விழுந்த கொழுந்தை எடுத்துச் செடியடியில் வைத்தார்.

ஊரில் விலை பறிக்காதே என்கிறது, காட்டில் காவலர் பறிக்காதே என்கிறார். அந்தக் கையை அக்கா எங்கே கொண்டுபோய் வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.