நாத்தனார் கொடுத்த சாணி

கால்நடை மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, வாசல்வரை வரிசையாகச் சாணி டப்பாக்கள். அதற்கு நடுவே இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவருக்குப் புழுக்காரம்மா என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபம் வரும் என்று நினைத்துவிடாதீர்கள், கூப்பிடாவிட்டால்தான் வரும்.

வேலையில் படு கெட்டிக்காரி. சாணியைக் கரைத்து, வடிகட்டி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாரென்றால் ஒரு புழு முட்டைகூடத் தப்பாது. ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா! சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதாதா? போதாதாம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, காத்திருக்கிற அத்தனை பேரும் கேட்கக் கத்துவார்.

“யாருய்யா அந்தக் கறுப்பு ஆடு? உள்ள புழு குடும்பம் குட்டியோட குடியிருக்கு! கொட்டகையக் கூட்டி எத்தன மாசமாச்சு?”

ஆட்டுக்காரர் கூனிக் குறுகுவார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். நாலு பேர் முன்னால் சொன்னால்தான் சுரணை வரும் என்பது புழுக்காரம்மாவின் கட்சி.

இப்படியிருக்கையில் அவருடைய நாத்தனாரின் பசு இளைத்துக்கொண்டே போனது. புருஷன் இல்லாத வீடு. அந்த ஒரே பசுவின் பாலில்தான் அடுப்பு எரிந்தது. நாத்தனார் ஒரு டப்பாவில் சாணி கொண்டுவந்தார். புழுக்காரம்மா பார்த்தார். ஒன்றுமில்லை.

“உன் மாட்டு வயிறு பளிங்கு மாதிரி இருக்கு, போ!”

டாக்டர் செரிமானத்துக்குப் பொடி கொடுத்தார். பத்து நாள் கழித்து இன்னொரு டப்பா வந்தது. அதிலும் ஒன்றுமில்லை. பால் பாதியாகி, பிறகு நின்றே போனது.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புழுக்காரம்மாவே பார்க்கப் போனார். பசு படுத்துக் கிடந்தது. தாடைக்குக் கீழே பைபோல வீக்கம். பின்புறமெல்லாம் தண்ணீராய்ப் பேதி. அவருக்குச் சுருக்கென்றது. இரண்டு டப்பாவிலும் வந்தது நல்ல கெட்டிச் சாணியாயிற்றே!

“எத்தன நாளா இப்படிப் போகுது?”

“ஒரு மாசமா, அண்ணி.”

“அப்ப எனக்குக் குடுத்தது யாரு மாட்டுச் சாணி?”

நாத்தனார் முந்தானையை முறுக்கினார். “பக்கத்து வீட்டு மாட்டோடது.”

“அடிப் பாவி! புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?”

“ஆமா, இதக் கொண்டுவந்திருந்தா சும்மாவா விட்டிருப்பீங்க? ஜன்னல்ல தலைய நீட்டி, இவ மாட்டுக்குள்ள பூரா புழுன்னு ஊருக்கே சொல்லியிருப்பீங்க. அப்புறம் எங்கிட்ட யாரு பால் வாங்குவா?”

புழுக்காரம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு தானே சாணி எடுத்தார். விடுமுறை என்றும் பாராமல் அறையைத் திறந்து உட்கார்ந்தார். தகடு முழுக்கப் பொன்னிறமாய் ஈரல் புழுவின் முட்டைகள், எண்ணி மாளவில்லை. குளத்தங்கரைப் புல்லோடு உள்ளே போன வினை. டாக்டரை வீட்டிலிருந்தே கிளப்பிக்கொண்டு வந்தார். மருந்து கொடுத்தாயிற்று. இருந்தாலும் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

மூன்று நாள் பசு தலை தூக்கவில்லை. புழுக்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பசு முட்டுக்கால் போட்டு, தள்ளாடி, எழுந்தே விட்டது. நாத்தனார் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். பால் வாங்குகிறவர்கள், பக்கத்து வீட்டார் என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது.

பசுவைப் பார்க்க வந்திருந்த டாக்டருக்கு மட்டும் ஒரு சந்தேகம். “ஆமா, ரெண்டு தடவ பாத்தீங்களே, ஒண்ணுமே இல்லேன்னுதானே எழுதுனீங்க? எப்படி?”

நாத்தனாரின் முகம் வெளுத்துப்போனது. பால்காரியின் பொய் வெளியே வந்தால் அவளிடம் அப்புறம் யார் சொம்பை நீட்டுவார்கள்?

“என் தப்புதான் டாக்டர்,” என்றார் புழுக்காரம்மா. “சரியாப் பாக்கல.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.