சாக்கில் கிடந்த ஜன்னல் கட்டை

எங்கள் வீட்டில் என்னை 'சிஐடி' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்காரர் கொசுறாகக் கொடுக்கும் கடலை மிட்டாயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, மாமா என் அப்பாவைப் பார்த்துச் சிரித்த முதல் நாளே ஏதோ உறுத்தியது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. உடையார்பாளையத்தில் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். அப்பா அதுவரை அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். முதுகு போய்விட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்தொரு வயதில், தன்னைவிடப் பத்து வயது சின்னவரான மைத்துனரிடம் அப்பா வேலை பழகப் போனார். கோடை விடுமுறை முடிவதற்குள் வேலை கைக்கு வராவிட்டால், அப்பாவும் தானும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது, ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த என்னை ஹாஸ்டலில் விடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். ஹாஸ்டல் சாம்பாரில் புழு நெளியும் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள். ஆகவே அப்பா தச்சராவது எனக்கு உயிர்ப் பிரச்சினை.

மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. போன இடத்தில் உளவு பார்ப்பது நானாக எடுத்துக்கொண்ட வேலை. மாமா வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். பலகை கோணினால் பலகையைத் திட்டுவார். கரண்ட் போனால் கரண்டைத் திட்டுவார். பட்டறை ஆட்களில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. அப்பாவிடம் மட்டும், "சூப்பருங்க மச்சான்", "போதுங்க மச்சான், செத்த உக்காருங்க" என்று குழைந்தார். பட்டறையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியும் அப்பாவுக்குத்தான். இதை எப்படி நம்புவது?

அப்பாவுக்குக் கொடுத்திருந்தது ஜன்னல் சட்டங்களுக்குத் துளை அடிக்கும் வேலை. ஒரு கட்டையில் உளியால் துளை போட்டால், இன்னொரு கட்டையின் முனை அதற்குள் போய் உட்காரும். அடித்து முடித்த ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும், பொருத்தினால் மறைந்துபோகிற இடத்தில், அப்பா என் பெயரின் முதல் எழுத்தைப் பென்சிலால் எழுதிவைப்பார். அவர் ஓட்டிய லாரியின் நெற்றியில் முதலாளி மகளின் பெயர்தான் இருந்தது. "இனிமே ஊர்ல இருக்கிற ஜன்னல்லயெல்லாம் நீதான் இருப்ப" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாப்பிட்டதும் அப்பா அரை மணி நேரம் முதுகைச் சாய்ப்பார். அந்த நேரம் பார்த்து மாமா நாலைந்து கட்டைகளை அள்ளிக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் போவார். திரும்பி வரும்போது கையில் கட்டைகள் இருக்கும், என் எழுத்து இருக்காது. மூன்று நாள் கவனித்தேன். நாலாம் நாள் பின்பக்கம் போய், விறகுக்குப் போகும் சாக்கைக் கிளறினேன். என் எழுத்தோடு ஒரு கட்டை கிடந்தது. அடியில் இன்னும் எட்டு. அப்பாவின் உழைப்பை அடுப்புக்கு அனுப்பிவிட்டு, வேலை வரவில்லை என்று அவரைத் துரத்தப் பார்க்கிறார் மாமா என்று தீர்மானித்துவிட்டேன்.

ஒரு கட்டையைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வந்து, அப்பா சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மாமா ஒங்க கட்டயெல்லாம் சாக்குல போட்டுட்டு, அவரு புதுசா செஞ்சு வெக்கிறாருப்பா."

அப்பா கட்டையை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். இந்தப் பக்கம் நடுவில் நுழைந்த துளை, அந்தப் பக்கம் ஓரத்தில் வெளியே வந்திருந்தது. சுண்டுவிரலை அதற்குள் விட்டுப் பார்த்தார்.

"எத்தினி இருக்கு?"

"நான் பாத்தது ஒம்போது."

அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை. அம்மா என்னை முறைத்தாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை சண்டை பார்க்க நானும் கூடவே போனேன். அப்பா அந்தக் கட்டையை மாமாவின் முன்னால் வைத்தார். மாமா என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"ஒரு மாசமா ஒரு தொளகூட நேரா அடிக்கல நான். ஏன் மாப்ள சொல்லல?"

மாமா பிடரியைச் சொறிந்தார். "அக்கா வூட்டுக்காரரப் போயி எப்புடி மச்சான் தப்புன்னு சொல்றது? அக்கா மூஞ்சில எப்புடி முழிக்கிறது?"

"மரியாதயெல்லாம் கல்யாண வூட்டுல வெச்சுக்க. இங்க திட்டு. இல்லாட்டி இன்னிக்கே திருப்பூருக்கு பஸ் ஏறிடுவேன்."

அப்பா புதுக் கட்டையை எடுத்து உளியைப் பிடித்தார். மாமா அவரை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார். வாயைத் திறப்பார், மூடுவார். கடைசியில் வெடித்தது.

"ஒரு பக்கமே குத்திக்கிட்டுப் போறீங்களே மச்சான், கண்ண என்ன பொடதியிலயா வெச்சிருக்கீங்க? கட்டயத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்துலேருந்தும் பாதி அடிங்க! லாரி ஓட்ற நெனப்பா இன்னும்?"

பட்டறையில் மற்ற உளிகளெல்லாம் நின்றுவிட்டன. அப்பாவின் காது சிவந்தது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டையைத் திருப்பினார். என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

"நாம திருப்பூருக்கே போயிடலாம்மா. ஹாஸ்டல்ல வேணா இருந்துக்கறேன். மாமா அப்பாவத் திட்டுறாரு."

"என்னன்னுடி திட்டுனான்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அம்மா கேட்கக் கேட்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தால் கண்ணில் தண்ணீர். மறுநாள் அப்பாவுக்குக் கொடுத்த தூக்கில் மாமாவுக்கும் சேர்த்து மீன் குழம்பு ஊற்றினாள். அவருக்குத்தான் பெரிய துண்டு. அம்மாவும் தம்பியோடு கூட்டு என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

பட்டறைக்குள் நுழையும்போது அப்பா ஒரு கட்டையை விறகுச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அதில் என் எழுத்து இருந்தது.

"அத ஏம்ப்பா போடறீங்க?"

"கோணலுடி" என்றார். எவ்வளவோ நாளைக்கு அப்புறம் அப்பா அப்படிச் சிரித்தார். பின்னாலிருந்து மாமா, "மச்சான், மரம் என்ன சும்மாவா வருது?" என்று கத்தினார். அதற்கும் அப்பா சிரித்தார்.

மூன்று பேரும் எனக்கு எதிராகச் சேர்ந்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு, ஹாஸ்டலுக்கு எந்தப் பாவாடைகளை எடுத்துப் போவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.