வேக்குவம் கிளீனருக்கு ஒரு நன்றி ஆராதனை

குமாசி நகரத்தில் எங்கள் ஜெயக்கொடி சபையின் பிரசங்க மேடைக்குப் பொறுப்பு பரலோகம். மேடைக்கு முன்னால் விரித்திருக்கும் சிவப்புக் கம்பளத்துக்குப் பொறுப்பு சிஸ்டர் அச்சியா. இருவரில் அச்சியாவைப் பற்றித்தான் புகார்கள் அதிகம். பரலோகத்தின் மீது எழுத்து மூலம் புகார் கொடுக்க எங்கள் சபையில் ஏற்பாடு இல்லை.

அச்சியாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. உடம்பு மெல்லிசு, குரல் அப்படியல்ல. பதினோரு வருடம் ஓர் ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்தார். மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்கள் கட்டிலுக்கு அடியில் பார்த்தால் போதும் என்பது அங்கே அவர் கண்ட உண்மை. கணவர் ஒருவர் இருந்தார். அபிஜான் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். முதல் பாதியை நிறைவேற்றினார். ஓட்டலை மூடியதும் சபை அச்சியாவுக்குக் கம்பளத்தையும், கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையையும் கொடுத்தது. வேலை இருக்கும்வரை அறை. வேலை போனால் அச்சியாவும் அவருடைய ஐந்து கோழிகளும் மெயின் ரோட்டில்.

கம்பளத்தைச் சுத்தம் செய்ய ஒரு வேக்குவம் கிளீனர் இருந்தது. ஹாம்பர்கில் இருபது வருடமாக இருக்கும் எல்டர் குவார்டெங்கின் அன்பளிப்பு. வெளிநாட்டில் வாழ்பவரை நாங்கள் போர்கா என்று மரியாதையாக அழைப்போம். போர்காவின் பெயர் மெஷினின் இரு பக்கமும் வெள்ளை பெயின்டில் எழுதப்பட்டிருந்தது. பெயருக்கு இடம் போக மிச்சத்தில் மெஷின் இருந்தது.

எங்கள் ஊரில் யாருக்காவது நல்லது நடந்தால் அவர் கழுத்திலும் தோளிலும் பவுடர் கொட்டுவோம். குழந்தை பிறந்தால் பவுடர், வழக்கில் ஜெயித்தால் பவுடர், விசா கிடைத்தால் ஆளே தெரியாத அளவுக்குப் பவுடர். ஜெயக்கொடி சபையில் வாராவாரம் யாருக்காவது நல்லது நடக்கும். நடக்காத வாரத்தில் நடந்ததாக அறிவிக்கப்படும். ஞாயிறு மதியம் கம்பளம் வெள்ளையாகிவிடும். திங்கள் காலை அதை மெஷின் சிவப்பாக்கும். ஆறு வருடம் இப்படி ஓடியது.

ஒரு புதன்கிழமை மெஷினிலிருந்து கருகும் வாடை வந்தது. வாடைக்குப் பின்னாலேயே மதர் டூஃபி வந்தார். இவர் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி.

"என்னடி அச்சியா, கோயிலுக்குள்ள கோழியைச் சுடுறியா?"

"மெஷின் மதர்."

"நல்லா இருக்கு! ஞாயித்துக்கிழமை போர்கா வர்றாரு. என் மெஷின் ஓடறதைக் கண்ணால பாக்கணும்னு போன்ல சொல்லியிருக்காரு. அது ஓடலைன்னா, கோயில் சாவியை என் தங்கச்சி மக கையில குடுக்கச் சொல்லி பாஸ்டர்கிட்ட நானே சொல்லுவேன். அவ ஓட்டல் மேனேஜ்மென்ட் படிச்சவ."

"படிச்ச புள்ள குனிஞ்சு வேலை செய்யுமா மதர்?"

"மெஷினை ஓட்டறதுக்கு எதுக்குடி குனியணும்? நீ குனிஞ்சு குனிஞ்சுதான் அதைக் கெடுத்து வச்சிருக்க!"

முதல் சிகிச்சையைப் பாஸ்டர் செய்தார். மெஷின் மீது கை வைத்து ஜெபித்தார். "சுடுதே" என்று கையை எடுத்தார். இரண்டாவது சிகிச்சைக்கு ரிப்பேர்க் கடை மாஸ்டர் பாஃபோவிடம் போவதென்று தீர்மானமானது.

வெள்ளியன்று அச்சியா மெஷினைத் துணியால் குழந்தையைப் போல முதுகில் கட்டிக்கொண்டு மினிபஸ் ஏறினார். குழாய் தோள் வழியாக முன்னால் எட்டிப் பார்த்தது.

"யக்கா, புள்ளைக்கு மூக்கு இவ்வளவு நீளமா இருக்கே, அப்பன் யாரு?" என்றான் கண்டக்டர்.

"ஹாம்பர்க்காரன். வழியை விடு."

மாஸ்டர் பாஃபோவின் கடைப் பலகையில் 'கர்த்தர் திறப்பார் - ஃபேன், மிக்சி, இஸ்திரிப்பெட்டி' என்று இருந்தது. இந்த முறை மாஸ்டரே திறந்தார். சல்லடையை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். பவுடர் மேகம் அடங்கியபோது நாற்பது வயது மாஸ்டருக்கு எண்பது வயது ஆகியிருந்தது.

"என்னக்கா இது, மாவு மில்லு நடத்துறீங்களா?"

"எல்லாம் ஆண்டவருக்கு நன்றி சொன்னதுப்பா."

"கொஞ்சம் கம்மியாச் சொல்லுங்க. காத்தை இழுத்துத்தான் இது தன் மோட்டாரையே ஆத்திக்குது. பவுடர் போய் அடைச்சா மூச்சு முட்டி உள்ள வெந்துபோவுது. இப்ப பொழைக்க வச்சுட்டேன். இன்னொரு தரம் பவுடரைத் தின்னுச்சுன்னா இங்க கொண்டு வராதீங்க, அங்கயே அடக்கம் பண்ணிடுங்க."

சனிக்கிழமை அச்சியா பாஸ்டரிடம் போய், நாளை ஒரு நாள் மட்டும் பவுடர் வேண்டாம் என்று அறிவிக்கும்படி கெஞ்சினார். பாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பெண்கள் ஐக்கியத்துகிட்ட நானா? எனக்கு முந்தி இருந்த பாஸ்டர் அப்படித்தான் சொன்னாரு. இப்ப அவர் எங்க இருக்காரு தெரியுமா?"

"எங்க ஐயா?"

"யாருக்கும் தெரியாது."

ஞாயிறு வந்தது, போர்காவும் வந்தார். மார்ச் மாத வெயிலில் மூன்று அடுக்கு கோட்டு. ஹாம்பர்கில் அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் மேனேஜர் என்பது சபை அறிந்த விஷயம், அறிவித்ததும் அவரே.

பாஸ்டருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "இந்த மெஷின் செத்துக் கிடந்தது, எழுந்திருச்சிருக்கு! சிஸ்டர் ஓட்டிக் காட்டட்டும், சபை நன்றி சொல்லட்டும்!" என்று முழங்கினார். டிரம்ஸ் கிளம்பியது. வெள்ளை உடுத்திய நாற்பது பெண்கள் கைக்குட்டை வீசி ஆடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் மதர் டூஃபி, கையில் குடும்ப அளவு பவுடர் டப்பா. செத்துப் பிழைத்தவருக்குப் பவுடர் போடாமல் விட எங்களுக்குத் தெரியாது. பிழைத்தவர் மெஷினாக இருந்தால் என்ன? முதல் பிடி நேராக அதன் தலையில் விழுந்தது.

அச்சியா டப்பாவைப் பார்த்தார். கோழிகளை நினைத்தார். அடுத்த கணம் போர்காவின் முன்னால் மண்டியிட்டு, வலது கையால் குழாயை நீட்டினார்.

"ஐயா, குடுத்த கை உங்க கை. நாங்க ஓட்டறதெல்லாம் ஒரு ஓட்டமா? ஹாம்பர்க்ல எப்படி ஓட்டுவாங்கன்னு சபைக்கு ஒரு தடவை காட்டுங்க."

சபை ஆர்ப்பரித்தது. போர்காவால் மறுக்க முடியவில்லை.

அவர் வயரை எடுத்துத் தோளில் ஒரு சுற்றுப் போட்டார். சுவர் ஓரத்தில் தொடங்கினார். பின்பக்கமாக நடந்தபடி, திரும்பிப் பார்க்காமலே நாற்காலிக் கால்களைத் தாண்டினார். மணிக்கட்டு வெண்ணெய் தடவுவதுபோல் போய் வந்தது. சபை அதைப் பெரிய மனிதரின் தாழ்மை என்று கண்டு கண்ணீர் விட்டது. அச்சியா மட்டும் வாயைப் பிளந்தார். இது மேனேஜரின் மணிக்கட்டு இல்லை.

பெண்கள் போர்காவின் மேலும் கொட்டினார்கள். அவர் தன் ஷூவில் விழுந்ததையே உறிஞ்சிக்கொண்டு போனார். நாலாவது நிமிடம் கருகும் வாடை எழுந்தது. வீட்டில் சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்த மூன்று பேர் வாசலை நோக்கி ஓடினார்கள். வாடையை முதலில் பிடித்தவர் போர்காதான். காலாலேயே பிளக்கைத் தட்டிவிட்டுக் குனிந்தார். அச்சியாவும் குனிந்தார். இரண்டு வெள்ளைத் தலைகளும் மெஷினுக்கு மேல் சந்தித்தன.

"பவுடரா?" என்றார் போர்கா மெதுவாக.

"ஆறு வருஷமா ஐயா."

"நீங்க முன்னாடி எங்க?"

"ஓட்டல். இருபத்திரெண்டு ரூம். உங்களுக்கு?"

போர்கா சுற்றும் பார்த்தார். "ஆஸ்பத்திரிதான். மூணு மாடி, ஒவ்வொரு மாடிக்கும் ரெண்டு வராண்டா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சிஸ்டர்."

"எதை ஐயா?" என்றார் அச்சியா.

போர்கா நிமிர்ந்து தொண்டையைச் செருமினார். தப்பு மெஷினுடையது, இது ஹாம்பர்க் தூசிக்குச் செய்தது, குமாசியின் சந்தோஷத்தை அதால் தாங்க முடியவில்லை என்றார். சிஸ்டர் கையில் இருந்ததால்தான் ஆறு வருடம் தாங்கியது, வேறு யாராவது என்றால் ஆறு வாரம் என்றார். வேறொன்று அனுப்புவேன், ஆனால் சாவி சிஸ்டர் கையில் இருக்கும்வரைதான் என்றும் சொன்னார்.

மதர் டூஃபி டப்பாவின் மூடியைத் தேடத் தொடங்கினார். பாஸ்டர் அவசரமாக "ஆமென்" என்றார். ஒருவருக்கு வேலை நிலைத்துவிட்டது. அது நல்லது. நல்லது நடந்தால் எங்கள் வழக்கம் தெரிந்ததுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, டப்பாவில் மிச்சமிருந்ததை மதர் டூஃபியே அச்சியாவின் கழுத்தில் கவிழ்க்க வேண்டியதாயிற்று.

திங்களன்று அச்சியா துடைப்பத்தால் கம்பளத்தைப் பெருக்கினார். அதற்குக் குனிய வேண்டியிருந்தது. மதியம் வரை தும்மினார். கோழிகள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.