உதட்டில் அக்கி

1. கீமோ ஏற்றிய மறுவாரம் அம்மாவுக்கு மேலுதட்டு ஓரத்தில் எரிச்சல்.
2. விடிந்தபோது அங்கே கொத்தாகச் சிறு கொப்புளங்கள்.
3. எங்கள் மஹய்யாவ வீட்டில் தங்கியிருந்த அத்தை பார்த்ததும், "அக்கி" என்றார்.
4. என்னைக் கேட்காமலே, ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் அக்கி எழுதுபவருக்குப் போன் போட்டார். அவரும் பஸ் ஏறிவிட்டார்.

அக்கி எழுதுவதென்றால், காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேலேயே சிங்கம் வரைவது. சிறுவயதில் என் இடுப்பிலும் வரைந்தார்கள். ஆறியது. பெரும்பாலும் அது தானாகவே ஆறும் என்பதை ஆய்வுகூட வேலைக்குப் படித்தபோது தெரிந்துகொண்டேன். ஆனால் கீமோவில் வெள்ளை அணுக்கள் இறங்கிப்போன உடம்பை அப்படி நம்பி விட முடியாது. கொப்புளம் வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் பரவலாம். உடைந்த இடத்தில் மண் பட்டால் வேறு கிருமியும் ஏறலாம்.

கீமோ கொடுக்கும் கிளினிக்குக்கு அழைத்தேன். தாதி முதலில் கேட்டது, "காய்ச்சல் இருக்கா?"

தேர்மோமீட்டர் முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது.

"ஒடனே கூட்டிட்டு வாங்க. ஒண்ணும் பூசாதீங்க."

த்ரீவீலர் வாசலில் நின்றபோது அக்கி எழுதுபவரும் காவிக் கிண்ணத்தோடு வந்து சேர்ந்தார். அத்தை அம்மாவின் கையை விடவில்லை.

"ஏன் மதினி, ஒரு சிங்கம் வரைய எவ்வளவு நேரம் ஆவப்போவுது? அம்புட்டு தூரத்துலருந்து வந்த மனுசன்!"

"அத்தை, கைய விடுங்க. காய்ச்சல் அடிக்குது."

"ஒனக்கு எழுதினப்போ நல்லாத்தானே ஆச்சு? இப்போ பெரிய டாக்குத்தரு!"

நான் அம்மாவின் மறுகையைப் பிடித்தேன். அம்மாதான் உதட்டை அசைக்காமல் சொன்னார்: "சிங்கத்த செவுத்துல வரையச் சொல்லு. நா வந்து பாத்துக்குறேன்."

அத்தை கையை விட்டார்.

இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவு. அன்றே வார்டில் சேர்த்து, காய்ச்சலுக்கு ஊசி மருந்தும் கொப்புளத்துக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் தொடங்கினார்கள். இன்னும் ஒருநாள் வீட்டில் வைத்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும் என்றார் டாக்டர். அம்மாவோடு வீடு திரும்பியபோது வாசற்சுவரில் நிஜமாகவே ஒரு காவிச் சிங்கம் இருந்தது. அத்தை அதை அழிக்கவிடவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

இப்போது கொப்புளம் காய்ந்துவிட்டது. அம்மாவுக்குக் கோப்பையும் துவாயும் தனி. எரிச்சல் தொடங்கினாலே கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். திகதி இன்னும் தரவில்லை.