மரக்காணத்தில் ஓடிய மெக்சிகோ உப்புப் படம்

போன மாதம் மரக்காணத்தில் ஒரு சென்சார் போர்டைச் சந்தித்தேன். மொத்தமே ஒரு உறுப்பினர்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் கல்யாண மண்டபத்துச் சாவி.

பெயர் தனசேகர். மண்டபத்துக்குச் சொந்தக்காரர். உப்பளமும் எடுத்து நடத்துகிறார். எல்லாக் கட்சிக்கும் வேண்டியவர் – ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொன்றுக்கு.

மெக்சிகோவிலிருந்து எஸ்தேபான் என்ற இயக்குநர் புதுச்சேரிக்கு ஒரு திரைப்பட விழாவுக்காக வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஆயுசு முழுக்க அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியே படம் எடுத்தவர். அவருடைய முதல் படம், உப்பளத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் பற்றியது. பக்கத்தில் மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ‘அவர்களுக்கு என் படத்தைக் காட்டியே ஆக வேண்டும்’ என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மரக்காணத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் நண்பர் ஜெயராஜ் இடத்துக்கு ஏற்பாடு செய்தார். தமிழ் சப்டைட்டில் அடியேன் உபயம்.

புதுச்சேரியிலிருந்து கிளம்பி, பொம்மையார்பாளையம் தாண்டியதும் காரில் தன் கதையை ஆரம்பித்தார் எஸ்தேபான். மாணவனாக இருந்தபோது, ஊர்வலத்தில் போலீஸ் அடித்ததை இரவல் கேமராவில் எடுத்தாராம். பிறகு உப்பளப் படம். அரசாங்கம் தடை போட்டு பிரிண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வயிற்றுப்பாட்டுக்கு ஷாம்பூ விளம்பரம் எடுத்தார். ஆட்சி மாறியது. புதிய ஆட்சி தடையை நீக்கி, கூப்பிட்டு விருதும் கொடுத்தது. மனிதர் சும்மா இருந்தாரா? அடுத்த படத்தை அந்த ஆட்சியைப் பற்றியே எடுத்தார்! அதற்கும் தடை. விருதைத் திருப்பிக் கேட்க மட்டும் மறந்துவிட்டார்கள் போல.

“இப்போது அந்த முதல் படம் எங்கள் ஊர் காலேஜில் பாடம்” என்றார் சோகமாக.

அதாவது... அந்தக் காலத்தில் பார்த்தால் ஜெயில். இந்தக் காலத்தில் பார்க்காவிட்டால் ஃபெயில்!

மண்டபத்துக்கு நாங்கள் போகும்போதே ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள் உப்பளத்துப் பெண்கள். நடுநாயகமாக அஞ்சலை அக்கா. தனசேகரின் அளத்தில்தான் வேலை. உச்சி வெயிலில் ஒதுங்கி நிற்க ஒரு கொட்டாய் போட்டுத்தரச் சொல்லி, கோடைக்குக் கோடை அவரிடம் கேட்டுக்கொண்டிருப்பவர்.

“ஏம்பா ஜெயராஜு, இவருதான் டைரக்டரா? சோறு தண்ணி இல்லாம இப்படி மெலிஞ்சி இருக்காரே!”

அப்போதுதான் தனசேகர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சார், படத்துல ஸ்ட்ரைக்கு வருதாமே?”

“படமே ஸ்ட்ரைக்குதாங்க.”

“அது மட்டும் வேணாம் சார்.”

கல்யாண வீட்டில் தாலி மட்டும் வேண்டாம் என்கிற மாதிரி! பேசிப் பார்த்தேன். ஜெயராஜும் கெஞ்சினார். வேறு இடமும் இல்லை. தனசேகர் யோசித்தார். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்.

“சரி, படம் ஓடட்டும். தமிழ் எழுத்து மட்டும் வேணாம். ஜனங்களுக்குத் தேவையில்லாதது புரிஞ்சிடும்.”

கூனிக்குறுகி இதை எஸ்தேபானுக்கு மொழிபெயர்த்தேன். கிழவர் கோபப்படவில்லை. தனசேகரை மரியாதையோடு ஏற இறங்கப் பார்த்தார்.

“என் படத்தை வெட்டியிருக்கிறார்கள். ஒலியை வெட்டியிருக்கிறார்கள். அர்த்தத்தை மட்டும் தனியாக வெட்டுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். திறமைசாலி!”

படம் ஓட ஆரம்பித்தது. ஸ்பானிஷ் மொழி. சப்டைட்டில் இல்லை. கடைசி வரிசையில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார் தனசேகர்.

முதல் கொஞ்ச நேரம் நான் திரையை விட்டுவிட்டுப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை தூரம் வந்த மனிதர், இத்தனை பெண்கள்... எழுந்து போய்விடுவார்களோ?

திரையில் மீசை வைத்த முதலாளி குதிரையில் வந்து இறங்கினான். கூலிக்காரர்களைப் பார்த்து நீளமாக ஏதோ பேசினான்.

“இன்னா சொல்றான்னு எனக்குத் தெரியும்” என்றார் அஞ்சலை அக்கா, சத்தமாக. “‘கொட்டாதானே கேக்குறீங்க? அடுத்த வருஷம் பாக்கலாம்’னு சொல்றான்!”

குபீரென்று சிரிப்பு. முதலாளி மறுபடி வாயைத் திறந்தான். இன்னொரு குரல்: “‘நீங்கள்லாம் எங்க வூட்டு ஆளுங்க மாதிரி!’”

மண்டபம் மொத்தமும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது.

அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. கங்காணிக்கு ஒருத்தி டப்பிங், கணக்குப்பிள்ளைக்கு ஒருத்தி. நான் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய சப்டைட்டிலில் இதில் பாதி காரம்கூட இல்லை. எஸ்தேபான் என் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார். “என்ன சொல்கிறார்கள்? இப்போது என்ன சொல்கிறார்கள்?”

உச்சக் காட்சி. திரையில் ஒரு பெண் உப்பு வாரும் பலகையை முதலாளியின் காலடியில் போட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். நான் ‘போதும்’ என்று மொழிபெயர்த்திருந்தேன். அஞ்சலை அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

“நீயே வாரிக்கோ!”

விசில் பறந்தது. நான் அர்த்தம் சொன்னதும், எஸ்தேபான் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தடை போட்டவனும் சிரிக்கவில்லை, விருது கொடுத்தவனும் சிரிக்கவில்லை. இவர்கள்தான் படத்தைப் பார்த்திருக்கிறார்கள்” என்றார்.

விளக்கு எரிந்ததும் தனசேகருக்கு முகமெல்லாம் வியர்வை. ஆனால் சுதாரித்துவிட்டார். விறுவிறுவென்று மேடை ஏறி, எஸ்தேபானைக் கட்டிப்பிடித்து, ஒரு சால்வையைப் போர்த்தி, போட்டோவுக்குச் சிரித்தார். “இது நம்ம ஜனங்க பாக்கவேண்டிய படம்!” என்று மைக்கில் அறிவிப்பு வேறு. அரசியல் யாரும் சொல்லிக்கொடுத்தா வரும்?

அஞ்சலை அக்கா விடவில்லை. மேடைக்குக் கீழே நின்று, எல்லார் முன்னாலும் கேட்டார்.

“கொட்டா எப்பங்க?”

மைக் கையில் இருந்தது. கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. “இந்த வாரமேம்மா” என்றார் தனசேகர்.

போட்டுவிட்டார்! கீற்றுக் கொட்டாய். உச்சி வெயிலில் பெண்கள் அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ்: ‘தொழிலாளர் தோழர் தனசேகர்’. கூடவே, எஸ்தேபானைக் கட்டிப்பிடித்த அந்த போட்டோ. ஜெயராஜ் அனுப்பிய ஃபிளெக்ஸ் படத்தை எஸ்தேபானுக்கு அனுப்பி, இதற்காக வருத்தப்படுவாரோ என்று காத்திருந்தேன்.

பதில் வந்தது: “விருது கொடுத்த எங்கள் மந்திரியும் என்னை இப்படித்தான் கட்டிப்பிடித்தார். அவர் கொட்டாய்கூடப் போடவில்லை.”