மாமா செத்த விதம் சரியில்லையாம்

நீங்கள் எப்பவாவது சனத்துக்கு முன்னால சாகிற மாதிரி நடிச்சிருக்கிறியளா? எங்கட மாமா நடிச்சவர். ஒஸ்லோவில, பட்டப்பகலில, ஒரு கூட்டம் வெள்ளையள் வாஃபிள் சாப்பிட்டுக்கொண்டு பாக்க.

எனக்கு அப்ப ஒன்பது வயசு. மாமா அம்மாவின்ர தம்பி, பஸ் ஓட்டுறவர். கூட வேலை செய்த ஒராள் அவரை இழுத்துக்கொண்டுபோய் ஒரு குழுவில சேத்துவிட்டிட்டார். கோடையில பார்க்கில கூடாரம் அடிச்சு, அந்தக்கால உடுப்புப் போட்டு, வாள்சண்டை காட்டுற குழு. எண்ணூறு வருசத்துக்கு முந்தின சண்டையாம்.

தலைவர் ஒரு தாடிக்காரன். பள்ளிக்கூடத்தில சரித்திரம் படிப்பிக்கிறவர். மெசின் தையல் கூடாது, உடுப்பில சிப் கூடாது, மூக்குக்கண்ணாடி கூடாது. படங்களில வாற மாதிரிக் கொம்பு வைச்ச தொப்பி கூடவே கூடாது, அது பிறகு ஆரோ விட்ட கதையாம். ஆனா வாசல் கடையில பிளாஸ்டிக் கொம்புத்தொப்பி விக்கிறது அவற்ற மனுசிதான். கேட்டா, சனம் அதைத்தானே கேக்குது எண்டுவார்.

மாமா அந்த மாரி முழுக்க இருந்து கையால ஒரு அங்கி தைச்சவர். அப்பாக்குச் சிரிப்பு அடங்கேல்லை.

"மச்சான், உம்மட கலியாணத்துக்குக்கூட இவ்வளவு மினக்கெடேல்லையே."

"பொறுங்கோ அத்தான், நூல் அறுந்திடும்."

அண்டைக்கு அவருக்குச் சோதனை மாதிரி. முதல் ஷோவில ஒழுங்காச் செத்தா கோடை முழுக்க வாள் குடுப்பினம். இல்லாட்டி இல்லை. மாமா காலமை சாப்பிடக்கூட இல்லை. நான் என்ர வகுப்புப் பெட்டையள் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில இருந்திட்டன்.

முதல் செத்தவர் "ஆஆ" எண்டு கத்திச் சுத்திச் சுத்தி விழுந்தார். கைதட்டு. அடுத்தவர் விழுந்து, எழும்பி, இன்னொருக்கா விழுந்தார். விசில் பறந்துது. பிறகு மாமா. வாள் வயித்தில பட்டுது. கத்தேல்லை. களைச்சுப்போன ஆள் மாதிரி மெல்லக் கீழ இருந்தார். ஒரு செருப்புக் கழண்டிட்டுது. எட்டி எடுத்துத் திருப்பிப் போடப் பாத்தார். கை கேக்கேல்லை. திரும்பவும் பாத்தார். பிறகு செருப்பைப் பிடிச்சபடி சரிஞ்சிட்டார். அவ்வளவுதான்.

ஒருத்தரும் கைதட்டேல்லை. அவரை வெட்டினவர் அடுத்த ஆளிட்டைப் போகவேணும், போகாமல் அப்பிடியே நிண்டார். எங்கையோ ஒரு சின்னன் அழத் தொடங்கிச்சு. பெட்டையள் என்னைப் பாக்க, நான் கூடாரத்தைப் பாத்தன்.

முடிஞ்சாப்பிறகு தாடிக்காரன் வந்து மாமாவின்ர தோளில கையை வைச்சார்.

"நான் இவ்வளவு காலத்தில கண்டதில இதுதான் உண்மையான சாவு." அழுத சின்னன் இருந்த பக்கம் திரும்பிப் பாத்தார். "ஆனா சின்னப்பிள்ளையள் வருகினம். அடுத்த ஷோவில கத்திக்கொண்டு விழுவீங்களா?"

"அது எனக்கு வராது," எண்டார் மாமா. சண்டை பிடிக்கேல்லை. வாளைத் துடைச்சுக் குடுத்திட்டார்.

தே-பானேயில, அதுதான் நிலக்கீழ் ரயிலில, வரேக்கை நான் விடேல்லை.

"ஏன் மாமா கத்தேல்லை? எல்லாரும் கத்தினவைதானே."

"சாவு அப்பிடித்தான் இருக்கும் பிள்ளை."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

மாமா என்ர கையில இருந்த மிச்ச வாஃபிளை வாங்கிச் சாப்பிட்டார். சரி, யூடியூப்பில பாத்திருப்பார் எண்டு நினைச்சன். அவர் எங்கட நாட்டில யுத்தம் முடிய வன்னியில இருந்து வந்தவர் எண்டு எனக்குத் தெரியும்தான். எனக்கு அது அப்ப வெறும் ஊர்ப்பேர்.

மாமா இப்பவும் அந்தக் குழுவிலதான் இருக்கிறார். அதே அங்கியோட, வாற சனத்துக்குச் சூப் ஊத்துறார்.